ஒரு மணி நேர ஆங்கிலம் எத்தனை வெள்ளி?

சிங்கப்பூருக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பம் வாடகையும் பள்ளிக்கூடமும் விசாரித்து முடித்த கையோடு விசாரிப்பது ஆங்கில டியூஷன். பக்கத்து வீட்டு அக்காவிடம், கோயிலில் பழக்கமானவரிடம், அலுவலகத்தில் ஊர்க்காரரிடம் என்று யாரைக் கேட்டாலும் ஒரு தொகை சொல்வார்கள். ஒருவர் மணிக்கு 25 வெள்ளி என்பார். இன்னொருவர் 90 வெள்ளி கொடுப்பதாகச் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒரு வெள்ளி அறுபது ரூபாயைத் தாண்டிப் போகிற காலத்தில், எதையும் ரூபாயாக மாற்றிப் பார்க்கும் புதியவருக்கு இந்த இடைவெளி தலைசுற்ற வைக்கும்.

இந்தச் சந்தையைக் கண்ணால் பார்க்க டோபி காட் நல்ல இடம். மூன்று ரயில் பாதைகள் கூடும் எம்ஆர்டி நிலையம் அது. வடகிழக்குப் பாதையில் ஏறினால் ஒரே நிறுத்தத்தில் லிட்டில் இந்தியா. மேலே வந்தால் ஒரு பக்கம் பிளாசா சிங்கப்பூரா, எதிரே ஆர்ச்சர்ட் ரோடு ஒன்றாம் எண்ணில் ஒய்எம்சிஏ, கொஞ்சம் நடந்தால் சிலிகி ரோடும் பிராஸ் பாசா ரோடும். மொழிப் பள்ளி, தனியார் கல்லூரி, டியூஷன் நிலையம் என்று மாடிக்கு மாடி பலகைகள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இங்கே ஓடிய ஓடையில்தான் துணி துவைத்துக் காயப்போட்டார்கள். இன்று சனிக்கிழமை மதியம் இந்த நிலையத்தின் நீளமான நகர்நடைபாதையில் நின்றால், முதுகுப்பையோடு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளும் கைபேசியில் மணியைப் பார்த்தபடி கூடவே நடக்கும் அம்மா அப்பாக்களும் வந்துகொண்டே இருப்பார்கள்.

சிங்கப்பூர்க் குடும்பங்கள் டியூஷனுக்குச் செலவிடும் தொகையை அரசின் குடும்பச் செலவின ஆய்வு சொல்கிறது. 2012/13இல் ஆண்டுக்கு 110 கோடி வெள்ளி. 2017/18இல் 140 கோடி. 2023இல் 180 கோடி. எல்லாப் பாடங்களும் சேர்ந்த கணக்கு இது. இவ்வளவு பணம் புழங்கும் ஒரு தொழிலில் நிர்ணயித்த விலை என்று எதுவும் கிடையாது. அரசு கட்டணப் பட்டியல் போடுவதில்லை. ஆசிரியர் கேட்பதும் பெற்றோர் கொடுப்பதும்தான் விலை.

இருந்தாலும் வழக்கில் ஒரு வரம்பு உண்டு. வீட்டுக்கு வந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் தனி டியூஷனுக்குத் தொடக்கநிலையில் பல்கலைக்கழக மாணவர் என்றால் மணிக்கு 25 முதல் 35 வெள்ளி. டியூஷனையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர் 35 முதல் 50. பள்ளியில் ஆசிரியராக இருப்பவர் அல்லது இருந்தவர் 50 முதல் 80, சில சமயம் அதற்கும் மேல். உயர்நிலைப் பள்ளிக்கு இந்த மூன்று வரிசையும் பத்துப் பதினைந்து வெள்ளி ஏறும். தொடக்கக் கல்லூரியில் ‘ஜெனரல் பேப்பர்’ எனும் கட்டுரைத் தாளுக்குப் பேர்பெற்ற ஆசிரியர் மணிக்கு 100 வெள்ளிக்கு மேல் கேட்பது சாதாரணம். பெரியவர்களுக்கான பேச்சு ஆங்கிலம் நடுவில் நிற்கிறது. தனியாகப் படித்தால் 40 முதல் 80 வரை.

இந்தத் தொகையில் ஒரு பங்கு ஆசிரியருக்குப் போவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. ஆளைத் தேடித் தரும் டியூஷன் முகவர்கள் பெற்றோரிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆசிரியரிடமிருந்து வழக்கமாக முதல் மாதக் கட்டணத்தில் பாதியை எடுத்துக்கொள்வார்கள். வாரம் ஒரு வகுப்பு என்றால் முதல் இரண்டு வகுப்புக்கு ஆசிரியர் சம்பளமில்லாமல் வருகிறார். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பலர் மணிக்கு ஐந்து பத்து கூட்டிச் சொல்கிறார்கள். தெரிந்தவர் மூலம் நேரடியாக ஆசிரியர் கிடைத்தால் அதைச் சொல்லிக் கொஞ்சம் குறைத்துக் கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொரு விஷயம் சட்டம். கல்வி அமைச்சின் பள்ளிகளில் முழுநேரமாக வேலை செய்யும் ஆசிரியர்கள் அனுமதி பெற்று வாரத்துக்கு 6 மணி நேரம்தான் டியூஷன் கொடுக்கலாம். வெளிநாட்டவர் பணம் வாங்கிக் கற்பிக்க உரிய வேலை அனுமதி வேண்டும். டிபி என்று நாம் சொல்லும் சார்ந்திருப்போர் அனுமதியில் இருப்பவர்கள் 2021 மே முதல் தனியாக வேலை அனுமதி எடுத்தால்தான் வேலை பார்க்கலாம். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, ஊரில் பத்து வருடம் பள்ளியில் வேலை பார்த்துவிட்டு இங்கே வீட்டில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். “உங்களுக்கு என்ன அக்கா, நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று அவர்களை உசுப்பிவிடுபவர்கள் இந்தத் தண்டனையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுடைய திறமை வீட்டுக்குள் முடங்குவது எனக்கு வருத்தம்தான். ஆனால் குறைந்த கட்டணம் என்பதற்காக இன்னொருத்தியை வழக்கில் மாட்டிவிடக் கூடாது.

பேச எத்தனை நிமிடம்?

மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கற்பவருக்கு வாய் திறக்க எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்று கேட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

பன்னிரண்டு பேர் உட்காரும் வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மணி நேரம். கட்டணம் மணிக்கு 25 வெள்ளி என்று வைத்தால் ஒரு வகுப்புக்கு 37 வெள்ளி 50 காசு. ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார். மிச்சம் 45 நிமிடத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு நாலு நிமிடம்கூட வராது. பேசிய ஒரு நிமிடத்துக்கு 10 வெள்ளி விழுகிறது. தனி ஆசிரியருக்கு மணிக்கு 45 கொடுத்து, அவர் பாதி நேரம் பேசி, நீங்கள் அரை மணி நேரம் பேசினால் நிமிடத்துக்கு ஒன்றரை வெள்ளி. மலிவு என்று நாம் நினைத்தது ஆறு மடங்குக்கு மேல் விலை.

நல்ல ஆசிரியர் பன்னிரண்டு பேரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒரே நேரத்தில் பேசவைப்பார். அப்போது இந்தக் கணக்கு வகுப்புக்குச் சாதகமாகத் திரும்பும். அதனால் சேருவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். பலகையில் எழுதியதை எல்லோரும் நோட்டில் இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே பேச்சு ஆங்கிலம் வராது. மூலைக்கு மூலை தப்பும் தவறுமாக ஆங்கிலம் சலசலத்தால் பணத்தைக் கட்டலாம்.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது. ஒரே புளோக்கில் இருக்கும் மூன்று பேர் சேர்ந்து மணிக்கு 60 வெள்ளி வாங்கும் அனுபவமுள்ள ஆசிரியரை வைத்துக்கொள்வது. ஆளுக்கு 20 வெள்ளி. பேச ஆளுக்குப் பத்து நிமிடம். ஒருவர் பேசும்போது மற்ற இருவர் கேட்பதும் பாடமே. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று மாணவர்கள் வரை டியூஷன் நடத்த வீவக அனுமதி தேவையில்லை என்பதால் இடத்துக்கும் சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் ஓரளவு ஒரே நிலையில் இருக்கும் மூவராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. ஒருவருக்கு எழுத்துக் கூட்டவே சிரமம், இன்னொருவருக்கு அலுவலகத்தில் பேசிக்காட்டப் பயிற்சி என்றால் அந்தக் கூட்டு இரண்டு மாதத்தில் கலைந்துவிடும்.

கூடிச் செலவைப் பகிர்ந்து ஆசிரியரை வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. டோபி காட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஷார்ட் ஸ்ட்ரீட் இருக்கிறது. 1887 ஆகஸ்டில் அங்கே ஒரு கடைவீட்டில் சோபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலிய மெதடிஸ்ட் ஊழியர் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளை வைத்துப் பள்ளி தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று ஆதரவு தந்தவர்கள் இங்கே தொழில் செய்த இந்திய வணிகர்கள். தமிழ்ப் பெண்கள் பள்ளி என்று தொடங்கிய அதுதான் பின்னால் சோபியா குன்றில் பல்லாண்டு இயங்கி, இன்று சிங்கப்பூரின் பெயர்பெற்ற பள்ளிகளில் ஒன்றாக இருக்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. அதற்கு முந்தைய ஆண்டு, 1886இல், பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். அதற்கும் விதை தனிப்பாடம்தான். சீன வணிகர் ஒருவர் தமக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஓல்டமை அமர்த்தினார். மற்ற வணிகர்கள் தங்கள் மகன்களுக்கும் வேண்டும் என்று கேட்கப் பள்ளி உருவானது.

அந்தக் காலத்தில் ஆங்கிலம் மேலே ஏற விரும்பியவருக்கான ஏணி. இப்போது வாசற்படியே அதுதான். சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மாணவர் எண்ணிக்கை சுருங்கி 1982இல் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி ஆகிவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48.3 விழுக்காடு. தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. தமிழ் மட்டும் பேசும் வீட்டிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை, வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருகிறது. அம்மாக்களின் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது.

பிள்ளைக்குப் பணம் கட்டுமுன்

அந்தப் பதற்றத்தில் முதலில் மறந்துபோவது பள்ளிக்கூடமே கொடுப்பதை. ஆங்கிலத்தில் பின்தங்கிய ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளிகளில் கற்றல் உதவித் திட்டம் இருக்கிறது. எட்டுப் பத்துப் பிள்ளைகள் கொண்ட சிறு குழு, தினமும் அரை மணி நேரம், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர். கட்டணம் கிடையாது. வகுப்பாசிரியர் உங்கள் பிள்ளையை அதில் சேர்க்கலாம் என்று சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். “என் பிள்ளை மக்கு இல்லை” என்று மறுத்துவிட்டு, அதே வேலைக்கு வெளியே மாதம் 200, 300 வெள்ளி கட்டுகிறார்கள். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், பள்ளியின் பாடத்தை அறிந்த ஆசிரியரிடம் கிடைக்கும் உதவி அது. வெளியே அதை விலைக்கு வாங்கினால் என்ன ஆகும் என்று மேலே உள்ள கட்டண வரிசையை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் துணைப்பாட வகுப்புகள் உண்டு. சலுகைக் கட்டணம்தான். பீட்டி ரோட்டில் தலைமையகம் வைத்திருக்கும் இந்த அமைப்பு 1991இல் தொடங்கப்பட்டது. இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை சிண்டா நிதிக்குப் பிடிக்கப்படுகிறது. சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறோம். நாம் போட்ட பணத்தில் நடக்கும் வகுப்பு அது, தயங்காமல் கேட்டு வாங்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் வாசிக்கச் சொல்லித்தரும் திட்டமும் அங்கே இருக்கிறது.

இதெல்லாம் போதாமல் தனி ஆசிரியர் வேண்டியிருந்தால், தொடக்கநிலையில் மணிக்கு 40 வெள்ளிக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை என்பது என் முடிவு. அந்த வயதுப் பிள்ளைக்கு வேண்டியது கூட உட்கார்ந்து வாசிக்க ஒருவர், எழுதியதைத் திருத்த ஒருவர், பேச்சுக் கொடுக்க ஒருவர். பொறுமையுள்ள பல்கலைக்கழக மாணவி இதை நன்றாகச் செய்வாள். தொடக்கப் பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுக்கு முந்தைய ஓர் ஆண்டில், கட்டுரையும் வாய்மொழித் தேர்வும் எப்படி மதிப்பிடப்படுகின்றன என்று உள்ளே இருந்து பார்த்தவர் தேவைப்படலாம். அப்போது 60, 70 கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஆறு வருடமும் அந்த விலை கொடுப்பது வீண்.

நூலகத்தையும் சொல்லாமல் விட முடியாது. விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்துப் பொது நூலகம் டோபி காட்டிலிருந்து எட்டும் தூரம்தான். உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டாம். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையோடு அங்கே உட்காருகிற அப்பாவுக்கு ஆங்கிலம் சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை வாசித்துக் காட்டட்டும், அப்பா கேட்கட்டும்.

பெரியவர்களின் கதை வேறு

டிபியில் வந்த மனைவிகளுக்கு ஆங்கிலம் தேவைப்படுவது பெரும்பாலும் பாலர் பள்ளி வாசலில்தான். ஆசிரியை பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்கிறார். பாதி புரிகிறது. பதில் மனசில் இருக்கிறது, வாயில் வரவில்லை. மருத்துவரிடம் கணவர் வந்துதான் பேச வேண்டியிருக்கிறது. பட்டம் படித்த பெண்ணுக்கு இது எவ்வளவு சின்னதாகிப் போகும் உணர்வு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இந்த ஆங்கிலத்துக்கு மணிக்கு 80 வெள்ளி வாங்கும் வெள்ளைக்கார ஆசிரியர் தேவையில்லை. தமிழ் தெரிந்த ஆங்கில ஆசிரியர்தான் முதல் ஆறு மாதத்துக்கு உகந்தவர்.

காரணம் இருக்கிறது. தமிழ் பேசுபவர் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். தமிழில் பெயருக்கு முன்னால் ‘எ’யும் (a) ‘த’வும் (the) கிடையாது, அதனால் அவை விட்டுப்போகும். வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய மனசு ஆங்கில வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டுத் தேடும். ஒரே ககரத்தை இடத்துக்குத் தகுந்தபடி மூன்று விதமாக ஒலித்துப் பழகியவருக்கு ‘பேக்’ என்ற ஒலியில் முதுகையும் (back) பையையும் (bag) பிரித்தறியக் காது பழக வேண்டும். இவற்றைத் தமிழில் இரண்டே நிமிடத்தில் விளக்கிவிட்டு மிச்ச நேரத்தைப் பேச்சுக்குக் கொடுக்கலாம். தமிழ் அறியாத ஆசிரியர் அதே விளக்கத்தை, நமக்குப் புரியாத ஆங்கிலத்திலேயே, இருபது நிமிடம் சொல்வார். ஓரளவு சரளம் வந்தபிறகு தமிழ் தெரியாத ஆசிரியருக்கு மாறுவது நல்லது. அப்போதுதான் தமிழில் தப்பித்துக்கொள்ள வழி இருக்காது.

பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுபவர் என்ற ஒரே தகுதிக்காகக் கூடுதல் விலை கேட்பதைப் பல நாடுகளில் பார்க்கலாம். ஜப்பானில் இந்த விலையை உடைத்தவர்கள் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள். 25 நிமிட இணையவழிப் பாடமாக, வகுப்பறைப் பள்ளிகள் வாங்கியதில் ஒரு சிறு பங்குக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். நம்மவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ மணிக்குச் சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக் கணக்கில் பத்துக்குள் முடியும். வாரம் மூன்று நாள் அவர்களோடு, மாதம் ஒரு முறை இங்கே உள்ள ஆசிரியரோடு என்று கலந்து படிப்பவர்கள் குறைந்த செலவில் நிறைய தூரம் போகிறார்கள். சிங்கப்பூர் உச்சரிப்புக்கு இந்த ஊர்க் காற்றே போதும். தேக்கா சந்தையில் சீன அம்மாவிடம் காய் வாங்கும்போது ‘கேன்’, ‘கேனாட்’ இரண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கிலத் தகுதித் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஏற்கெனவே ஆங்கிலம் வரும் என்றால் தேர்வின் அமைப்பைப் பழக எட்டுப் பத்து மணி நேரத் தனிப்பயிற்சி போதுமானது, அதிலும் எழுத்துத் தாளைத் திருத்தி வாங்குவதற்கே பணம் கொடுங்கள். ஆங்கிலமே வராது என்றால் ஐஇஎல்டிஎஸ் வகுப்பில் சேரக் கூடாது, ஆங்கில வகுப்பில் சேர வேண்டும்.

எத்தனை மணி நேரம் படித்தால் வரும் என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் உண்டு. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் மதிப்பீட்டில், ஒன்றுமே தெரியாதவர் அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் பி1 நிலைக்கு வர ஆசிரியரோடு 350 முதல் 400 மணி நேரம். வேலையிடத்தில் தடையின்றிப் பேசும் பி2 நிலைக்கு 500 முதல் 600. மணிக்கு 45 வெள்ளி என்று வைத்தால் 400 மணி நேரத்துக்கு 18,000 வெள்ளி. சாதாரணக் குடும்பத்தால் ஆகாத காரியம். ஆகவே ‘மூன்று மாதத்தில் சரளமான ஆங்கிலம்’ என்று பலகை வைத்திருப்பவரிடம் ஒரு சாதாரணக் கேள்வி கேளுங்கள். மூன்று மாதத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் வகுப்பு? பெரும்பாலும் 24, 36 என்று பதில் வரும். பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்த நம் ஆட்கள் சுழியத்திலிருந்து தொடங்குவதில்லை என்பது ஒரு ஆறுதல். இலக்கணம் உள்ளே கிடக்கிறது. பேச்சைத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

பணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பேச்சுப் பள்ளியாக இருந்த நோவா 2007 அக்டோபரில் திவாலானபோது, பாடச் சீட்டுகளை மொத்தமாக முன்பணம் கட்டி வாங்கியிருந்த லட்சக்கணக்கான மாணவர்கள் பரிதவித்தார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் வரவில்லை. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பதுதான் அங்கேயும் வலையாக இருந்தது. சிங்கப்பூரில் தனியார் கல்வி நிலையத்தில் நீண்ட படிப்பில் சேர்ந்தால் எடுடிரஸ்ட் தரச் சான்றும் கட்டணப் பாதுகாப்புத் திட்டமும் உண்டா என்று பார்க்க வேண்டும். டியூஷன் ஆசிரியருக்கு மாதா மாதம், வகுப்பு முடிந்தபின் கொடுப்பதே நல்ல ஏற்பாடு. தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, வக்கீல் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாணவர்கள்

இதுவரை எழுதிய விலையெல்லாம் ஒருவிதத்தில் வசதியுள்ளவர்களின் கணக்கு. லிட்டில் இந்தியாவில் ஞாயிறு மாலை கூடும் நம் தம்பிகளின் கணக்கை எடுத்தால் இந்தத் தொகைகள் வேறு மாதிரித் தெரியும். கட்டுமானத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் இருபது வெள்ளியை ஒட்டித்தான் இருக்கிறது. மணிக்கு 40 வெள்ளி என்றால் இரண்டு நாள் உழைப்பு. ஊரில் ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் வேறு. அவர் எந்த ஆசிரியரிடம் போவார்?

ஆனால் ஆங்கிலம் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். காலையில் வேலை தொடங்குமுன் பாதுகாப்பு அதிகாரி சொல்வது புரிய வேண்டும். சம்பளச் சீட்டில் கழித்த தொகை எதற்கு என்று கேட்கத் தெரிய வேண்டும். விபத்து நடந்தால் மருத்துவரிடம் எங்கே அடிபட்டது, எப்படி நடந்தது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மேஸ்திரி சொன்னதை மட்டும் நம்பி இருக்கிறவனுக்கு இழப்பீட்டு வழக்கில் குரல் இருக்காது.

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் உண்டு. பங்ளாதேஷிலிருந்து பதினோரு வயதில் சிங்கப்பூருக்கு வந்து, ஆங்கிலம் தெரியாததால் தானே சிரமப்பட்ட சஜ்ஜாத் ஹுசைன் என்ற இளைஞர் 2013இல் எஸ்டிஐ அகாடமியைத் தொடங்கினார். பூங்காவில் சில ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஆரம்பித்த முயற்சி அது. ஊழியர்களின் தாய்மொழியைத் துணையாக வைத்து, வேலையிடத்தில் தேவைப்படும் ஆங்கிலத்தைப் பாடமாக்கியதுதான் அதன் பலம். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹோம் அமைப்பின் பயிலகத்தில் தொண்டூழியர்கள் ஞாயிறுகளில் ஆங்கிலம் கற்பிக்கிறார்கள்.

பணிப்பெண்களைப் பொறுத்தவரை ஒரு வரலாறு இருக்கிறது. 2005 முதல் அவர்கள் இங்கே வந்ததும் ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. தேறாதவர்கள் கடனோடு திரும்பினார்கள். 2012இல் அதை எடுத்துவிட்டு, அவரவர் மொழியில் நடக்கும் அறிமுக வகுப்பைக் கொண்டுவந்தார்கள். தமிழிலும் நடக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் தேர்வோடு சேர்ந்து, அவர்களுக்கு ஆங்கிலம் கற்றுத்தர வேண்டும் என்ற நினைப்பும் போய்விட்டது. 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு நாளாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத ஓய்வு அவர்களுக்கு உண்டு. மாதம் ஒரு ஞாயிறை வைத்துக்கொண்டு ஒரு மொழியைக் கற்க முடியாது. நாலு ஞாயிறும் விட்டால்தான் வகுப்பு தொடரும். பணிப்பெண் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். பிள்ளையின் டியூஷனுக்கு மாதம் 300 வெள்ளி எடுத்துவைக்கும் வீட்டில், அந்தப் பிள்ளையோடு நாள் முழுவதும் இருப்பவரின் வகுப்புக்கு ஒரு சிறு தொகையும் நாலு ஞாயிறும் கிடைக்க வேண்டும்.

கட்டுமான முதலாளிகளுக்குச் சொல்ல இன்னும் திட்டவட்டமான கணக்கு இருக்கிறது. 2024 ஜனவரி முதல் அடிப்படைத் திறன் வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 900 வெள்ளி. அவரே உயர்திறன் ஊழியராக உயர்ந்தால் 500. மாதம் 400 வெள்ளி முதலாளிக்கு மிச்சம். உயர்திறன் நிலைக்கு ஆங்கிலம் நிபந்தனை கிடையாது. ஆனால் அந்த நிலைக்கு எடுத்துச்செல்லும் பயிற்சியிலும் தேர்விலும் விதிமுறையைப் படித்துப் புரிந்துகொள்பவர் சீக்கிரம் தேறுகிறார், மேற்பார்வையாளராகவும் உயர்கிறார். ஒரு மாதத் தீர்வை வித்தியாசத்தில், மணிக்கு 40 வெள்ளி வாங்கும் ஆசிரியரைத் தங்குவிடுதிக்கே பத்து மணி நேரம் வரவழைக்கலாம். ஆறு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு ஏழு வெள்ளிகூட ஆகாது ஒரு மணி நேரத்துக்கு. அந்தச் செலவை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். நேரத்தையும் நிறுவனமே கொடுக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் வேலையை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்து, சம்பளத்தைப் பிடிக்காமல்.